ஞானஸ்நானம் கொடுத்தவர்

பிப்ரவரி 11, திங்கள். அம்மான்

புனித நாட்டுப் பயணம். சார்ஜா வழியாக வந்து சேர்ந்தோம். நாற்பத்திரண்டு பேர். யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று எல்லார் தலையிலும் நாவற்பழ நிறத் தொப்பி. விமான நிலையத்தில் இன்னொரு குழுவும் அதே நிறத்தில் நின்றது. ஐயர் எண்ணினார். முதல் முறை நாற்பத்தாறு வந்தது.

எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்போம். வெளியூர் நண்பர்களுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது. இந்த நோட்டுக்கு இது போதும்.

வழிகாட்டி ஆங்கிலத்தில் பேசுவார். அதைத் தமிழில் சொல்லக் குழுவிலேயே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நான். அந்த வேலைக்கு என் பெயரைக் கொடுத்தது அப்பா. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் சேகரத்தின் செயலர். சேகரம் என்றால் ஐயரின் பொறுப்பில் இருக்கும் ஐந்து ஊர்ச் சபைகள். நான் தத்துவத் துறையில் ஆய்வு மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிறவன். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

"நம்பணும்னு யாரும் சொல்லல. சொல்றதத் தமிழ்ல சொல்லு, போதும்" என்றார் அப்பா.

அம்மா என் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர் வைத்தாள்.

பிப்ரவரி 12, செவ்வாய். நெபோ மலை

மூடுபனி. மோசே இங்கே நின்று வாக்குப்பண்ணப்பட்ட நாட்டைப் பார்த்தான், உள்ளே போகாமல் செத்தான். நாங்களும் நின்றோம். எதுவும் தெரியவில்லை. வழிகாட்டி பனிக்குள் கையை நீட்டி, அது எரிகோ, அது சாக்கடல் என்றார். தமிழில் சொன்னேன். எல்லாரும் பனியைப் படம் எடுத்தார்கள்.

வேதக்கண் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். ஊரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். மார்ச்சில் சேகரத் தேர்தல். அப்பா மறுபடியும் செயலராக நிற்கிறார். அண்ணாச்சி எதிர் அணி.

"மோசேக்குக் காட்டிட்டுக் குடுக்கல. நமக்குக் காட்டவே இல்ல. உங்க அப்பா நிர்வாகம் மாதிரியே இருக்கு தம்பி."

இறங்கும்போது ஐயர் என் தோளில் கை வைத்தார். "நல்லா சொல்லுதிய தம்பி. ஆனா அந்த 'என்று நம்பப்படுகிறது' மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கிடுங்க. ஜனங்க முட்டி வலியோட ஏறி வந்திருக்கு."

வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறார் என்றேன்.

"அவரு சொல்லட்டும். நீங்க விட்டுருங்க."

மாலையில் அம்மா விடுதி வரவேற்பறையின் மூலையில் உட்கார்ந்து பியூலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா வந்ததும் போனை மடியில் கவிழ்த்தாள். பியூலா என் தங்கை. நான்கு வருடங்களுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு முன் அந்தச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் ஒரே ஒரு முறை. குழந்தையில், நெற்றியில் மூன்று சொட்டு. வளர்ந்தபின் தண்ணீரில் முக்கி மறுபடி கொடுப்பது எங்கள் சபைக்கு ஆகாது. எடுத்தவருக்கு நற்கருணை, அதாவது ஆராதனையில் பரிமாறும் அப்பமும் ரசமும், நிறுத்தப்படும். அவர் வீட்டில் யாராவது பதவியில் இருந்தால் அதுவும் போகும். பியூலா வேறு வீட்டுக்குப் போகிற பெண் என்பதால் பதவி தப்பியது. அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அவளோடு பேசுவதுமில்லை.

அம்மா மாதம் ஒருமுறை கோவில்பட்டிக்குப் பல் டாக்டரிடம் போகிறாள். பியூலா வீடு கோவில்பட்டியில். நான்கு வருடங்களாகியும் அம்மாவுக்குப் பல் சரியாகவில்லை.

பிப்ரவரி 13, புதன். எல்லை, பிறகு கலிலேயா

இஸ்ரேல் எல்லையில் மூன்று மணி நேரம். அதிகாரியாக இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயது இருக்கும். அம்மாவின் பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்து மேசையில் வைத்தாள். இது என்ன? பருப்புப் பொடி. என்ன செய்யும்? சோற்றில் போட்டுச் சாப்பிடுவோம். சோறு எங்கே? இங்கே இல்லை. பிறகு எதற்கு?

பொடியை ஓர் இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். திரும்பி வந்தது.

இந்த நாட்டுக்கு வழிகாட்டி நபீல். நாசரேத்துக்காரர், அரபுக் கிறிஸ்தவர். நன்றாக இடைவெளி விட்டுப் பேசுகிறார். ஒரு வாக்கியம், நிறுத்தம். என் வாக்கியம், நிறுத்தம். மூன்று மணி நேரத்தில் அது மூச்சு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவர் உப்பு கேட்டுவிட்டு நிறுத்தினார். நான் அதையும் தமிழில் சொன்னேன். ஐயரின் மனைவி ஐயரம்மா உப்பை நகர்த்தினார்.

பேருந்தில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எய்யா, உன் ஆராய்ச்சி எதப் பத்தி? யாரும் கேட்டா சொல்லத் தெரியல."

சொன்னேன். சில வாக்கியங்கள் தகவல் அல்ல, காரியம். 'வாக்குக் கொடுக்கிறேன்' என்று சொன்னால் கொடுத்தாகிவிட்டது. சொல்வதே செய்வது.

"யாரு சொன்னாலும் நடந்துருமா?"

"சொல்ல உரிமை இருக்கிறவங்க சொல்லணும்."

"மனசில்லாமச் சொன்னா?"

"அது நாலாவது அத்தியாயம். இன்னும் எழுதல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, கோவில்பட்டிச் சபையில் அப்பம் பரிமாறுவதைப் பற்றிச் சொன்னாள். தட்டு வரிசையாக வரும். பியூலா எடுப்பாள். அவள் மாமியார் எடுப்பாள். நடுவில் அம்மா. முழுக்கு எடுக்காதவர்களுக்குக் கிடையாது.

"தட்டு எம் மூக்குக்கு நேரா போகும். பியூலா என்னயப் பாக்க மாட்டா. தட்டையே பாப்பா. அடுத்த மாசம் அவளுக்குப் புள்ள பொறக்கப் போவுது. முழுக்கு எடுத்தாச்சும், அந்த வீட்டுல நானும் எல்லாரையும் போல இருக்கணும்."

எங்கள் சபையில் நற்கருணையை நிறுத்திவிடுவார்களே என்றேன்.

"அது தெரியும்."

அப்பா?

"அதுவும் தெரியும்." பையைத் திறந்து பருப்புப் பொடி கொட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

பிப்ரவரி 14, வியாழன். கானா, கலிலேயா

கானாவூர். தண்ணீர் திராட்சரசமான ஊர். இங்கே வரும் தம்பதிகள் திருமண உடன்படிக்கையைப் புதுப்பிப்பது வழக்கம். பதினாறு ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். வெளியே கடையில் குட்டிக் குட்டிப் புட்டிகளில் கானாவூர் ரசம். ஐயர் வாங்கக் கூடாது என்றார். எல்லாரும் வாங்கினார்கள், ஐயரம்மா இரண்டு.

ஐயர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, தம்பதிகள் திருப்பிச் சொன்னார்கள். இன்பத்திலும் துன்பத்திலும். அப்பா வகுப்பில் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார். அம்மாவின் முறை வந்ததும் அம்மா ஐயரைப் பார்த்தாள்.

"ஐயரே, ஒரு சந்தேகம். இத முப்பது வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டேன். மறுபடியும் சொன்னா மொதச் சொன்னது செல்லாதுன்னு ஆவாதா?"

"ஆவாதும்மா. இது புதுப்பிக்கிறது."

"அப்போ ஞானஸ்நானத்தையும் ரெண்டாந்தடவ எடுத்தா, புதுப்பிக்கிறதுதான?"

வேதக்கண் அண்ணாச்சி சிரித்தார். ஐயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அதுக்கு நாளைக்கி யோர்தான்ல தெளிச்சு விடுதேன்மா. இப்போ சொல்லுங்க. இன்பத்திலும்."

"இன்பத்திலும்" என்றாள் அம்மா.

சாயங்காலம் ஏரிக்கரையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். கால்சட்டையை மடித்துவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து, கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல ரூபன். நாளைக்கி ஆத்துல உங்கம்மா கூடவே இரு. கையப் பிடிச்சிக்க. வழுக்கும்."

சரி என்றேன்.

"வழுக்குறதுக்காக மட்டும் சொல்லல."

எனக்கு எதுவும் தெரியாதென்று அவர் நினைக்கிறாரா, அவருக்குத் தெரியாதென்று நான் நினைக்க வேண்டுமா என்று புரியவில்லை. அம்மாவுக்குப் பல் வலி இப்போது எப்படி என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அப்பா தைலப் புட்டியை மூடினார். "எந்தப் பல்லு டாக்டருல ஞாயித்துக்கிழம தொறந்து வச்சிருக்கான்?"

படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒன்றில் ஒலிபெருக்கி வைத்துப் பாடினார்கள்.

"போறா, வாரா. நான் கேக்கல. நான் போனா அப்பன் ஜீவரத்தினம் போன மாதிரி இருக்காது, செயலர் போன மாதிரி இருக்கும். நாளைக்கி மட்டும் பாத்துக்க."

பிப்ரவரி 15, வெள்ளி. யோர்தான் நதி

எழுத வேண்டியது: நடந்தது நடந்த வரிசையில்.

பேருந்தில் ஐயர் ஒலிவாங்கியை வாங்கி விதிகளைச் சொன்னார். "வெள்ள அங்கி வாடகைக்குக் கெடைக்கும். எறங்கலாம். முங்கலாம். எத்தன தடவ வேணும்னாலும் முங்குங்க, அது குளிக்கிறது. ஆனா யாரும் யாரு தலையிலயும் கை வைக்கக் கூடாது, யாரும் எதுவும் சொல்லக் கூடாது. கை வச்சி, சொல்லிட்டா, அது குளிக்கிறது இல்ல."

இது மிகத் தெளிவான வரையறை. என் நெறியாளர் ஒப்புக்கொள்வார்.

நதி எங்கள் ஊர் வாய்க்கால் அகலம். பச்சை. படிகள், இரும்புக் கம்பிகள். ஒரு குழுவுக்கு ஒரு படித்துறை. கம்பிக்கு அந்தப் பக்கம் பிரேசில் குழு. அவர்கள் பாடிக்கொண்டும் அழுதுகொண்டும் முழுக்கு எடுத்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் குழு. ஐயர் கடைசிப் படியில் கண்ணை மூடி, உள்ளங்கையில் நீர் எடுத்து, ஒவ்வொரு நெற்றியாகத் தெளித்தார். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. காலைச் சின்ன மீன்கள் கடித்தன.

அப்பா மேல்படியில் அம்மாவின் கண்ணாடி, தொப்பி, துண்டு மூன்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். அவள் கம்பியைப் பிடித்து நடந்தாள். கம்பி முடிந்த இடத்தில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நான் கையை விடவில்லை. எனக்குச் சொல்லப்பட்டிருந்தது அதுதான்.

பிரேசில் பாஸ்டர் இடுப்பளவு நீரில் நின்றார். பெரிய ஆள். உதடு நீலமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் ஆங்கிலம் வந்தது அவருக்கு. என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். "நீ சொல்" என்று என் மார்பைத் தொட்டார்.

இயேசு கிறிஸ்துவை ஆண்டவர் என்று விசுவாசிக்கிறாளா என்று கேட்டார். நிறுத்தினார்.

நான் கேட்டேன்.

"விசுவாசிக்கிறேன்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொன்னாள். சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

அவர் ஒரு கையை உயர்த்தினார். இன்னொரு கையால் என் கையை எடுத்து அம்மாவின் முதுகில் வைத்தார். பிடித்துக்கொள் என்பதுபோல. ஞானஸ்நானத்துக்கு உரிய அந்த வாக்கியத்தைச் சொன்னார். நிறுத்தினார்.

ஐந்து நாளாக, யாராவது நிறுத்தினால் என் வாய் திறந்துவிடுகிறது.

சொன்னேன். அம்மா தண்ணீருக்குள் போனாள். வந்தாள்.

திரும்பி நடந்தோம். ஐயர் இன்னும் கண்ணை மூடித் தெளித்துக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு படி இறங்கித் துண்டைக் கொடுத்தார். பிறகு "கண்ணாடி" என்று சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தார். தொப்பியைக் கொடுக்க மறந்துவிட்டார். பேருந்தில் இரண்டு தொப்பி போட்டிருந்தார்.

பிப்ரவரி 16, சனி. பெத்லகேம்

இயேசு பிறந்த இடத்தில் வெள்ளி நட்சத்திரம். குனிந்து தொட இரண்டு மணி நேர வரிசை.

வரிசையில் அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, நான் மீனத்தான் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன். அதுல நீங்களும் விழுந்துட்டிய. நல்லா இருந்துச்சின்னு குரூப்புல போட்டேன்."

எந்த குரூப்பில்?

"எல்லாத்துலயும்."

மத்தியானத்துக்குள் ஐயருக்குப் பதினான்கு அழைப்பு. ஒன்று ஐயருக்கு மேலிடமான திருமண்டல அலுவலகத்திலிருந்து. அந்த அழைப்பை ஐயர் எழுந்து நின்று பேசினார்.

அப்பா யாரோடும் பேசவில்லை. அம்மாவோடும் இல்லை. ஆனால் சாப்பாட்டின்போது அவள் தட்டில் ஆலிவ் காயை எடுத்துவிட்டுத் தக்காளி வைத்தார். ஆலிவ் அவளுக்குப் பிடிக்காது.

பிப்ரவரி 17, ஞாயிறு. எருசலேம்

இயேசுவுக்கு இந்த ஊரில் இரண்டு கல்லறை. ஒன்று பெரிய கோயிலுக்குள், மெழுகுவர்த்தியும் நெரிசலும். மற்றது ஒரு தோட்டத்தில், பெஞ்சுகளும் பூச்செடிகளும். எங்களைப் போன்றவர்கள் தோட்டத்துக்குப் போகிறோம். "எது உண்மையானது?" என்று யாரோ கேட்டார்கள். நபீல் நீளமாகப் பதில் சொன்னார். நான் "ரெண்டும் காலி" என்று மொழிபெயர்த்தேன். நபீலுக்குத் தமிழ் தெரியாது.

தோட்டத்தில் நற்கருணை. ஒலிவமரத்தில் கடைந்த சின்னக் கோப்பைகள். குடித்தபின் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். செயலர் என்பதால் தட்டைச் சுமப்பது அப்பா, கடைசியாக எடுத்துக் குடிப்பதும் அவர்தான்.

ஆராதனைக்கு முன் ஐயர் அப்பாவைச் செடி ஓரமாகக் கூட்டிப்போனார். எனக்குக் கேட்டது. "விசாரண முடியற வரைக்கும்தான் சார். அம்மாவுக்கு இன்னைக்கி வேண்டாம். எல்லாரு போனும் தயாரா இருக்கு. குடுத்தா, எனக்கும் மாத்தல் வந்துரும்."

அப்பா தலையாட்டினார்.

அம்மா மூன்றாவது பெஞ்சில், நடுவில். அப்பா தட்டோடு வந்தார். ஐயரம்மா எடுத்தார். தட்டு அம்மாவுக்கு முன் வந்தது. தட்டு சாய்ந்து, கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. மரம் என்பதால் அதிகம் சத்தமில்லை. அம்மா தட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டு நகர்ந்தது.

எனக்கு வந்தபோது வழக்கம்போல் தலையசைத்து அனுப்பினேன். யாரும் கவனிக்கவில்லை.

மிஞ்சியதை எண்ணி வைக்கச் சொன்னார் ஐயர். நாற்பத்திரண்டு ஊற்றியிருந்தோம். அம்மாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. இரண்டு இருக்க வேண்டும்.

மூன்று இருந்தன.

பிப்ரவரி 18, திங்கள். எருசலேம்

ஐயர் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். காலைக் காப்பியின்போது என்னையும் அப்பாவையும் மட்டும் அழைத்தார். முகம் தெளிவாக இருந்தது.

"பாருங்க சார். அந்தப் பிரேசில்காரர் சொன்னது அம்மாவுக்குப் புரியல. புரிஞ்சது தமிழ். தமிழ்ல சொன்னது தம்பி. தம்பி குரு இல்ல. அது மட்டும் இல்ல." என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதிய. தம்பிக்கு விசுவாசமும் இல்ல. அப்போ என்ன நடந்துச்சி? ஒண்ணுமே நடக்கல. குளிச்சிருக்காவ."

ஒரு தாளை நீட்டினார். அழகான கையெழுத்து.

'யோர்தான் நதியில் வேற்றுநாட்டுப் போதகர் ஒருவர் கூறியதை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் மொழிபெயர்த்தேன். அவ்வார்த்தைகளில் எனக்கு விசுவாசமோ, ஞானஸ்நானம் கொடுக்கும் நோக்கமோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

"கையெழுத்துப் போட்டுட்டியன்னா அம்மாவுக்கு நற்கருணை உண்டு, சாருக்குப் பதவி உண்டு, எனக்கு நிம்மதி உண்டு. எல்லாம் உண்மதான தம்பி? பொய் ஒண்ணும் எழுதலியே."

வாசித்தேன். எல்லாம் உண்மை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதை யோசிக்க என்று அவருக்குப் புரியவில்லை. அப்பா காப்பியை முடித்தார்.

மத்தியானம் அம்மா அறைக் கதவைத் தட்டினாள். சுருட்டிய தாள் ஒன்றைப் பிரித்தாள். நதிக்கரைக் கடையில் தரும் சான்றிதழ். மேலே புறா. பெயர் எழுதியிருந்தாள். தேதி எழுதியிருந்தாள். மூன்றாவது கோடு காலி. ஞானஸ்நானம் கொடுத்தவர்.

"அங்கி மாத்திட்டு வர்றதுக்குள்ள அவுக பஸ் போயிட்டு. பேரும் கேக்கல. கோவில்பட்டிப் பாஸ்டர் கேப்பாவ, யாரு குடுத்தான்னு."

"யாருன்னு எழுத?"

"நீதான சொன்ன."

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா. உனக்குத் தெரியும்."

"அதுக்குக் கோடு இல்லய்யா. பேருக்குத்தான் இருக்கு."

ஐயர் எழுதிய தாளைக் காட்டினேன். நிதானமாக வாசித்தாள். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றாள். சான்றிதழை என் கட்டிலில் விட்டுவிட்டுப் போனாள்.

அண்ணாச்சியின் படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். முதலில் மீன்கள். பிறகு கால்கள். பிறகு நாங்கள். பிரேசில் பாட்டு, காற்று. பாஸ்டர் கையை உயர்த்துகிறார். ஆங்கிலத்தில், சின்ன வாக்கியம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். நிறுத்துகிறார்.

பிறகு என் குரல்.

"லில்லி புஷ்பம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

ஆறு முறை பார்த்தேன். அவர் பெயர் சொல்லவில்லை. அவருக்குப் பெயர் தெரியாது. நான் அம்மாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விண்ணப்பப் படிவங்களில் எழுதியிருக்கிறேன்.

எப்போது முடிவு செய்தேன் என்று நினைவில்லை. முடிவு செய்யவில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். அதற்கு ஆதாரம் இல்லை.

பிப்ரவரி 19, செவ்வாய். சாக்கடல்

மிதந்தோம். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டுப் பேர் மிதந்தார்கள். ஐயரம்மா சேலையோடு. அண்ணாச்சி செய்தித்தாளை விரித்துப் படம் எடுக்கச் சொன்னார். அம்மா கரையில் முட்டிக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தாள்.

அப்பா சட்டையோடு, தொப்பியோடு மிதந்தார். கை இரண்டும் வயிற்றின்மேல். ஊரில் மத்தியானம் படுப்பது போலவே. நானும் மல்லாந்தேன். இங்கே ஒருவரையொருவர் பார்த்துப் பேச முடியாது. இரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"அந்தப் படத்த நானும் பாத்தேன்ல."

"ம்."

"அந்த ஆளுக்கு உங்கம்மா பேரு எப்படித் தெரியும்?"

தண்ணீர் காதுக்குள் போய் வந்தது.

"தெரியாதுப்பா."

கொஞ்ச தூரம் மிதந்து போனார். கால் கரைப் பக்கம் திரும்பியிருந்தது. கையால் துழாவித் திரும்பி வந்தார்.

"அப்போ ஐயர் எழுதுனதுல ஒரு வரி தப்பு. 'ஒரு சொல்லும் கூட்டாமல்'னு இருக்கு."

"அந்த வரிய எடுத்துட்டுக் கேக்கலாம்."

"எடுத்துட்டா மிச்சம் உண்மையால?"

நான் ஆகாயத்தையே பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவர். பதில் தெரியாதவனையும் பதில் சொல்லாதவனையும் அவருக்குப் பிரித்துத் தெரியும்.

"உள்ள போகும்போது அவ முகத்தப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்கிகூட அவ அப்படிப் பயப்படாம நின்னதில்ல" என்றார். பிறகு, "கண்ணுக்குள்ள தண்ணி போயிட்டு. உப்பு" என்று சொல்லிக் கரையேறினார்.

குளியலறைக்கு முன் வரிசையில் அவர் அண்ணாச்சியிடம் பேசியதைக் கேட்டேன்.

"வேதக்கண்ணு, மார்ச்சுல நீயே நில்லு. நான் நிக்கல."

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. "என்ன சார் இப்படிச் சொல்லுதிய? நோட்டீஸ்லாம் அடிச்சாச்சு. எதுத்து யாருமே இல்லன்னா நான் யார ஜெயிக்க?"

"பழகிக்க" என்றார் அப்பா. ஷவரில் தண்ணீர் வராததால் கத்திக்கொண்டு உள்ளே போனார்.

பிப்ரவரி 20, புதன். அம்மான், விமான நிலையம்

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். ஐயர் எண்ணினார். நாற்பத்திரண்டு.

நானும் அம்மாவும் அப்பாவும் ஒரே பெஞ்சில். நான் நடுவில். என் மடியில் இரண்டு தாள். ஐயர் எதிரே நின்று சிரிக்க முயன்றார். "ஊருல எறங்குனதும் ஆபீஸ்ல கேப்பாவ தம்பி. இங்கேயே முடிச்சிருவோமே."

என் பேனா எழுதவில்லை. உதறினேன். எழுதவில்லை.

அப்பா சட்டைப்பையிலிருந்து அவருடைய பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நீட்டினார். எந்தத் தாள் என்று சொல்லவில்லை. அம்மா எதிரே இருந்த பலகையில் விமானங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

புறா இருந்த தாளை மேலே எடுத்தேன். மூன்றாவது கோட்டில் எழுதினேன். ரூபன்.

ஐயர் "தம்பி" என்றார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அம்மா தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள்.

அப்பா சான்றிதழை வாங்கினார். விடைத்தாளைப் பார்ப்பதுபோல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வெறும் ரூபன்னா எந்த ரூபன்? இனிஷியல் போடு."

பெயருக்கு முன்னால் இடம் குறைவாக இருந்தது. நெருக்கி எழுதினேன். ஜீ.